கலங்கலில் கட்டிய வலை

1

சுவீடனில் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள், வாரத்தின் எண்ணைத்தான் சொல்வார்கள். பல் மருத்துவரிடமிருந்து போன் வந்தால் "முப்பத்தேழாவது வாரம் உங்களுக்குச் சரிப்படுமா?" என்று கேட்பார்கள். வந்த புதிதில் இது ஏதோ பிரசவக் கணக்கு என்று நினைத்து விழித்திருக்கிறேன். இப்போது பழகிவிட்டது. ஊரில் இருப்பவர்களிடமே வாய் தவறி எண்ணைச் சொல்லி, தம்பியிடம் கேலி வாங்குகிறேன்.

நாற்பத்து நான்காவது வாரம் இங்கே பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. ஊர்க் கணக்கில் ஐப்பசி. தாம்பரம் பக்கமெல்லாம் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். இங்கே பிர்ச் மரங்கள் இலை கொட்டி முடித்திருக்கும். ஏரியில் கையை வைத்தால் எலும்பு வரைக்கும் வலிக்கும்.

விடுமுறையின் முதல் நாள் காலையில், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே என் மகள் இனியா சொன்னாள்: இந்த விடுமுறையில் ஏரிக்குப் போகிறாளாம், கயாக்கை எடுத்துக்கொண்டு. சுவீடிஷில்தான் சொன்னாள். வீட்டில் அவள் பேச்சு பெரும்பாலும் அதில்தான். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், தனியாகப் போகிறேன் என்றாள்.

அவளுக்குப் பதினாறு வயது. அவளோ நானோ கயாக்கைத் தொட்டு ஒரு வருடமாகிறது. தொடாமல் விட்டது ஏன் என்று வீட்டில் யாரும் பேசிக்கொண்டதில்லை. அன்று மாலை என்னால் வேறு எந்த வேலையும் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

நான் குரோம்பேட்டையில் வளர்ந்தவள். எங்கள் காலனியே ஏரியில் ஒரு பங்கை மேடாக்கிப் போட்ட மனைகள்தான். ஆனாலும் ஏரி என்பதை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். கனமழை பெய்தால் அதுவே வாசலைத் தாண்டி கூடத்துக்கு வரும், அப்போது பார்த்திருக்கிறேன். தண்ணீரில் இறங்குவது, மீன் பிடிப்பது இதெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அப்பா ஆபீஸ், நாங்கள் டியூஷன்.

நீச்சல் கற்றது இங்கே வந்து, முப்பது வயதைத் தாண்டி. சோமாலியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த பெண்களோடு, இடுப்பளவுத் தண்ணீரில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அங்கே கூட வேலை பார்த்த ஒரு பெண்தான் முதன்முதலில் கயாக்கில் ஏற்றினாள். கயாக் என்றால் ஒருவர் உட்காரும் ஒல்லியான படகு. இரண்டு பக்கமும் தட்டையான ஒரு துடுப்பு. சத்தமே இல்லாமல் போகும்.

அந்தச் சத்தமில்லாமைதான் மீன் பிடிக்க வேண்டியது. இங்கே யெட்டா என்று ஒரு மீன் உண்டு. ஆங்கிலத்தில் பைக். நம்மூர் விரால் மாதிரி இன்னொரு மீனைப் பிடித்துத் தின்னும் சாதி. நாணலுக்கு நடுவில் கட்டை போல அசையாமல் நிற்கும். பக்கத்தில் ஏதாவது நீந்தினால் ஒரே பாய்ச்சல். குளிர்காலத்துக்கு முன் உடம்பைத் தேற்றிக்கொள்ள, பெரிய மீன்கள் கரையோரமாக அலைவது இந்த மாதத்தில்தான். இனியாவுக்குப் பத்து வயதானதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர்காலமும் இரண்டு பேரும் போவோம். பிடித்து, படம் எடுத்து, விட்டுவிடுவோம். என் கணவர் கரையில் காரிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தண்ணீர் என்றால் குடிப்பதற்கு மட்டும்.

பள்ளிக்கூடம், தோழிகள், போன் என்று அவள் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் தள்ளிப்போனாள். கயாக்கில் இருக்கும்போது மட்டும் பக்கத்தில் இருந்தாள். அதனால்தான் எனக்கு அந்த மீன்மேல் அவ்வளவு ஆசை.

தமிழுக்காக நான் பட்ட பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்துவார்கள். ஆனால் ஒரு ஊரில் குறைந்தது இத்தனை பிள்ளைகள் வேண்டும், வீட்டில் அந்த மொழி தினமும் புழங்க வேண்டும், அதற்கு ஆசிரியர் கிடைக்க வேண்டும். எங்கள் ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் போதவில்லை. இலங்கைக் குடும்பம் ஒன்றையும் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றையும் வீடு தேடிப் போய்க் கெஞ்சிச் சேர்த்து, நகராட்சிக்கு அலைந்து, வகுப்பு தொடங்கவே இரண்டு வருடம் பிடித்தது. கிடைத்த ஆசிரியர் நல்லவர், கட்டுப்பாடானவர். அச்சில் இருக்கும் தமிழைத்தான் சொல்லிக்கொடுப்பார். "நான் உணவு உண்டேன்" என்று இனியா எழுதிக் காட்டியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி யாரும் பேச மாட்டார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

3

போன வருடம் நாற்பத்து நான்காவது வாரத்தில் ஊருக்குப் போனோம். கூடுதலாகச் சில நாள் விடுப்புக்குத் தலைமையாசிரியர் அனுமதி கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் போகட்டும் என்று கிளம்பினோம். கணவருக்கு லீவு இல்லை, நானும் இனியாவும் மட்டும்.

தம்பி முரளி ராஜகீழ்ப்பாக்கத்தில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறான். ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். நான் அனுப்பிய யெட்டா படங்களைப் பார்த்துப் பார்த்தே அவனுக்கும் அந்தப் பித்து பிடித்துவிட்டது. கயாக் ஒன்று வாங்கி கார் பார்க்கிங்கில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். அசோசியேஷனில் அதற்கு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விராலுக்குப் போவானாம். முதல் மழை பெய்து ஏரி நிறையும்போது விரால் வெறி பிடித்த மாதிரி கடிக்கும் என்றான். நாங்கள் வருவதற்கென்று கூட்டாளிகளிடம் இன்னும் இரண்டு கயாக் இரவல் வாங்கி வைத்திருந்தான்.

அகரம்தென் தாண்டி ஒரு ஏரி. பெயரை எழுதக் கூடாது என்று முரளி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். தூண்டில்காரர்கள் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். முந்தின நாள் முழுக்க மழை. ஏரி ததும்பி, கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போவதற்குக் கரையில் ஓரிடத்தில் தாழ்வாக ஒரு கல் சுவர் இருக்கும். அதுதான் கலங்கல். உள்பக்கம் பார்த்தால் தண்ணீர் சும்மா நிற்பது போலத் தெரியும். வெளிப்பக்கம் ஆள் உயரத்துக்குக் கருங்கல் சரிவு, அதற்குக் கீழே கால்வாய்.

அந்தச் சுவருக்கு முன்னால் கழிகள் நட்டு, குறுக்கே வலை கட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். ஏகாம்பரம் என்று பெயர், மீன்பிடி உரிமையை ஏலத்தில் எடுத்தவர். அந்த ஊர்ப் பழைய குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிவிட்டது. வரிசையாக வாடகை வீடுகள், மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை. இருந்தும் ஏரி ஏலத்தை மட்டும் வெளி ஆளுக்கு விட மாட்டாராம். கலங்கல் வழிந்தால் மீனெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்பதால் வலை. அப்படிக் கட்டுவது சட்டப்படி தப்பு, தண்ணீர் போக்கைத் தடுக்கும் என்று முரளி காரிலேயே என்னிடம் சொன்னான்.

எங்களைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது. முரளிக்கும் அவருக்கும் ஏற்கெனவே பேச்சு வளர்ந்திருக்கிறது.

"இன்னா சார், நீ பாட்டுக்கு போட்டத் தூக்கினு வந்து மீனப் புட்சிகினு போற. ஏலம் எட்த்தவன் நானு கீறேன்."

பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவோம் அண்ணா, ஒரு மீன்கூட வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று முரளி சொன்னான்.

"வுட்றதுக்கு எதுக்குப் புடிக்கிற?" என்று கேட்டார் ஏகாம்பரம். இனியாவையும் அவள் போட்டிருந்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, போங்கள், ஆனால் கலங்கல் பக்கம் வராதீர்கள், தண்ணீர் இழுக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

4

முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. வானம் ஈயம் மாதிரி கனத்து நின்றது. முரளி தூரத்தில், பனைமரங்கள் இருந்த மூலைக்குப் போய்விட்டான். இனியா ஆகாயத்தாமரைத் திட்டின் ஓரமாக நின்று, தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை இலைகளின் மேல் போட்டுப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்.

தவளை இருந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது. அவளுடைய தூண்டில் கோல் வளைந்து, நுனி தண்ணீருக்குள் போனது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

போன் திரையில்தான் அதைக் கவனித்தேன். அவளுக்குப் பின்னால் கரையில் ஒரு மின்கம்பம் இருந்தது. படம் எடுக்கத் தொடங்கும்போது அது அவள் தலைக்கு நேர் பின்னால். இப்போது கம்பம் எங்கோ ஓரத்தில். அவள் நகர்ந்துகொண்டிருந்தாள். காற்று எழுந்திருந்தது. ஆகாயத்தாமரைத் திட்டு கரையிலிருந்து மொத்தமாகப் பிய்ந்து, அவளையும் சேர்த்துக் கலங்கலை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. அவள் மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டு மறுபக்கம் பார்த்திருந்தாள்.

போனை மடியில் போட்டுத் துடுப்பை எடுத்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தத் திட்டு. உள்ளே நுழைந்ததும் துடுப்பு வேர்களில் சிக்கியது. இழுத்தால் செடி வந்தது, கயாக் நகரவில்லை. சோற்றில் கரண்டியைக் குத்தி நகர்வது மாதிரி. முரளியைக் கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பார்த்ததும் புரிந்துகொண்டான், சுற்றி வரத் தொடங்கினான். ஆனால் அவன் வெகு தூரத்தில்.

இனியா கோலைக் கைவிட்டு, துடுப்பைப் பிடித்தாள். இரண்டு வீச்சு போட்டாள். செடி அவளை விடவில்லை. பிறகு தண்ணீரே அவளை எடுத்துக்கொண்டது. சும்மா நிற்பதாகத் தெரிந்த தண்ணீர். கயாக் குறுக்காகத் திரும்பி, வலையில் போய் மோதி நின்றது. கழிகள் வளைந்தன.

வலை அவளுக்கு இடது பக்கம். வலது பக்கத்தில் தண்ணீர் வந்து மோதி, மேலே ஏறப் பார்த்தது. அந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுவீடனில் கயாக் பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது அது. ஓடும் தண்ணீரில் எதன்மேலாவது மோதிவிட்டால், மோதிய பொருளின் பக்கமாகச் சாய வேண்டும். விலகிச் சாய்ந்தால் தண்ணீர் விளிம்பைப் பிடித்துப் படகைக் கவிழ்த்துவிடும். பயத்தில் விலகிச் சாயத்தான் உடம்பு சொல்லும்.

வலைப் பக்கம் சாய் என்று கத்தினேன். மூன்று தடவை கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். அந்த நேரத்தில் என் வாயில் வேறு மொழி இல்லை.

அவள் கேட்டாள். அதில் சந்தேகமில்லை. தலையைத் திருப்பி என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு முழு உடம்போடும் எதிர்ப்பக்கம் சாய்ந்தாள்.

கயாக்கின் அடிப்பாகம் மேலே வந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் வலைக்கும் படகுக்கும் நடுவில் தெரிந்தது, மேலே வரவில்லை. ஒரு கை மட்டும் தண்ணீருக்கு வெளியே வலைக் கண்ணியைப் பிடித்திருந்தது. பிறகு அந்தக் கையும் இல்லை.

ஏகாம்பரம் கலங்கல் சுவரின் மேல் நின்றிருந்தார். கூட இருந்த ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர் கையில் கயிறு வெட்டும் கத்தி இருந்தது. அவர் வலையைப் பார்த்தார். திரும்பி, பின்னால் கீழே பார்த்தார். மறுபடி வலையைப் பார்த்தார். நின்றார். அவர் நின்றது எவ்வளவு நேரம் என்று பிறகு எத்தனையோ பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. நான் அலறினேன். எந்தச் சொல்லும் இல்லாத அலறல்.

அவர் ஓரத்துக் கயிற்றை அறுத்தார். குனிந்து அடிக் கயிற்றையும் அறுத்தார். கழி, வலை, ஆகாயத்தாமரை, கயாக், என் மகள், எல்லாம் ஒன்றாகச் சுவரைத் தாண்டிப் போயின. அவரும் பின்னாலேயே குதித்தார்.

5

கயாக்கை எப்படியோ கரைக்குத் தள்ளி இறங்கி, சேற்றில் விழுந்து எழுந்து நான் கரைமேல் ஓடிப் போனபோது, இனியா கீழே கால்வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். இருமிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் அவள் ஜாக்கெட்டின் தோள் பட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவள் காலில் வலை சுற்றியிருந்தது. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

முரளி வந்து சேர்ந்தான். மூவருமாக அவளை மேலே ஏற்றினோம். என் மடியில் சாய்ந்துகொண்டு சுவீடிஷில் கேட்டாள்: ஏன் வலது பக்கம் சாயச் சொன்னாய்?

நான் அப்படிச் சொல்லவில்லை, வலைப் பக்கம் என்றுதான் சொன்னேன் என்றேன்.

"நீதான் சொன்னாய்," என்றாள். இப்போது தமிழில். "வலப் பக்கம், வலப் பக்கம் என்று சொன்னாய்."

முரளிதான் முதலில் புரிந்துகொண்டான். பேச்சில் நாம் யாரும் வலை என்று முழுசாகச் சொல்வதில்லை. ஐகாரம் தேய்ந்து "வல" என்றுதான் வரும். அந்தக் காற்றில் வலைப் பக்கம் அவள் காதில் வலப் பக்கமாகத்தான் விழுந்திருக்கும். "ரைட்டுக்கு இங்க யாருமே வலப் பக்கம்னு சொல்ல மாட்டோமேக்கா," என்றான். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வது போலச் சொன்னான். ஊரில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் குழம்பியிருக்காது. வலப் பக்கம், இடப் பக்கம் என்று படம் போட்டுப் பாடத்தில் படித்தவள் அவள்.

கேம்ப் ரோடு சந்திப்பில் தண்ணீர் நின்றதால் ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் வழியாகக் குரோம்பேட்டைக்கு ஓட்டினான் முரளி. ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் முனகினாள். மருத்துவமனையில் காரை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம், இரவு வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். சேர்க்கும் இடத்தில் நாடு எது என்று கேட்டார்கள். இந்தியா என்று சொல்லிவிட்டு, பிறகு சுவீடன் என்று திருத்தினேன். பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். விபத்து என்பதால் போலீசுக்குத் தகவல் போகும், வெளிநாட்டுப் பிரஜை என்பதால் அதற்குத் தனி நடைமுறை என்றார்கள். பிறந்து வளர்ந்த ஊரில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நின்றுகொண்டு, என் பெண் வெளிநாட்டுக்காரி என்று கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் ஒரு எஸ்.ஐ. வந்தார். இளைஞர், மரியாதையானவர். முரளி கொதித்துக்கொண்டிருந்தான். வலை கட்டியதே சட்டவிரோதம், வலை இல்லாவிட்டால் அவள் சிக்கியே இருக்க மாட்டாள் என்றான். பிறகு சொன்னான்: "கத்திய கையில வச்சுக்கிட்டு நின்னார் சார். குழந்தை தண்ணிக்குள்ள இருக்கு. மீன் போயிடுமேன்னு நின்னு யோசிச்சார்."

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நீங்க பக்கத்துல இருந்திருக்கீங்க மேடம். நின்னாரா?"

வலை அவளைப் பிடிக்காமல் விட்டிருந்தால், நேராகக் கருங்கல்லில் விழுந்திருப்பாள். பிடித்ததால் மூழ்கினாள். அறுத்தவர் அவர். கட்டியவரும் அவர். நின்றதும் உண்மை.

கட்டிலிலிருந்து இனியாவின் குரல் வந்தது. "அவர் வலையை அறுத்தார். பிறகு குதித்தார். என்னைத் தூக்கினார்." ஒவ்வொரு சொல்லாக, பரீட்சைத் தாளில் எழுதுவது போல.

எஸ்.ஐ. அவள் பக்கம் திரும்பி, அவர் ரொம்ப நேரம் நின்றாரா என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் தண்ணீருக்குள் இருந்தேன். எனக்குத் தெரியாது."

நின்றார், அறுத்தார், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். ஏன் நின்றார் என்று எனக்குத் தெரியாது, அதை எழுதாதீர்கள் என்றும் சொன்னேன். அன்று முழுக்க முரளி என்னோடு பேசவில்லை.

6

முரளி வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் ஏகாம்பரம் வந்தார். ஒரு சின்ன லாரியில் இனியா ஓட்டிய கயாக்கை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதை பார்க்கிங்கில் இறக்கி வைத்துவிட்டு மேலே வந்தார். கையில் சிராய்ப்பு, முழங்காலில் கட்டு. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். தூங்குகிறாள் என்றேன்.

"ஸ்டேஷன்ல கூப்ட்டு உட்டாங்க," என்றார். "நான் நின்னேன்னு சொல்லிகீற."

"நின்னீங்களே அண்ணா," என்றேன்.

"நின்னேன். இல்லன்னு சொல்லல." முழங்கால் கட்டை இறுக்கிக்கொண்டார். "மீனுக்கு நிக்கலமா. கீழ கருங்கல்லு. அறுத்தா பொண்ணு எங்க வுழும்னு பாத்தேன். அந்தாண்ட ஓரத்துல மட்டும் மண்ணு ஒதுங்கிக் கீது. அதான் அந்தக் கவுற மொதல்ல அறுத்தேன்."

முரளி உள்ளே போய்விட்டான். ஏகாம்பரம் தூங்கும் இனியாவைக் கதவு வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் நான் ஆட்டோ பிடித்து ஏரிக்குப் போனேன். கலங்கல் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் மண் ஒதுங்கியிருந்தது உண்மைதான். அறுந்த கயிற்றின் முனை அந்த ஓரத்துக் கழியில் தொங்கியது. ஆனால் மண் வேறு இடங்களிலும் கொஞ்சம் இருந்தது. அன்றைக்கு எப்படி இருந்தது என்று யார் சொல்வது? அங்கேயே நின்று, கீழே பார்த்து, வலை இருந்த இடத்தைப் பார்த்து, மறுபடி கீழே பார்த்தேன். அவர் பார்த்தது போலவே பார்த்தேன். எனக்கு அவரை நம்பத் தோன்றியது. நம்பினால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பதாலும் இருக்கலாம்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வழக்கு பெரிதாகவில்லை. ஆனால் கலங்கலில் வலை கட்டியதற்காக அந்த வருட ஏலம் ரத்தாகிவிட்டது என்று பிறகு முரளி போனில் சொன்னான். ஏகாம்பரம் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். கடையில் பார்த்தால் பெண்ணின் கை கூடிவிட்டதா என்று மட்டும் கேட்கிறாராம். முரளியும் இப்போது அவரோடு பேசுகிறான்.

7

இங்கே திரும்பியதும் பள்ளியிலிருந்து அனுமதியற்ற விடுப்பு என்று ஒரு தகவல் வந்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி விபத்து நடந்த இடத்தைக் கேட்டது: கடல், ஏரி, ஆறு, நீச்சல்குளம், மற்றவை. கலங்கல் என்பதற்கு இந்த மொழியில் என்ன சொல் என்று பாதி நாள் தேடினேன். கடைசியில் மற்றவை என்று குறித்தேன்.

எலும்பு கூடிவிட்டது. குளிர்காலம் முடிவதற்குள் இனியா தமிழ் வகுப்பை நிறுத்திக்கொள்வதாகச் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, நேரமில்லை என்றாள். நான் வற்புறுத்தவில்லை. கயாக் பற்றி யாரும் பேசவில்லை. அவள் பயந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். என்னோடு கோபம் என்று அவள் அப்பா நினைத்தார். இந்த வாரம்தான் அவள் தானாக வாயைத் திறந்தாள்.

தனியாக விட முடியாது என்று இரண்டு நாள் வாதாடினேன். தண்ணீர் எவ்வளவு குளிர் என்று சொன்னேன். எனக்குத் தெரியும் என்றாள். நீர் புகாத உடை போட வேண்டும், கரையை ஒட்டியே போக வேண்டும், நான் கரையில் நிற்பேன் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றாள், நான் கயாக்கில் கூட வருவதைத் தவிர.

இன்று காலையில் போனோம். காற்றில்லை. ஏரிமேல் ஆவி மாதிரிப் பனி. உடையின் கழுத்துப் பட்டையை நான் இழுத்துச் சரிசெய்தேன், அவள் விட்டாள். அப்போது கேட்டுவிட்டேன். ஏன் நான் வரக் கூடாது? என்மேல் இன்னும் கோபமா?

அவள் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள். சுவீடிஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கோபமில்லை. அன்றைக்கு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று எனக்குத் தெரியும் அம்மா. பயிற்சியில் எனக்கும்தானே சொல்லிக்கொடுத்தார்கள். சாயத் தொடங்கிவிட்டேன். அப்போது நீ கத்தினாய். உன் முகத்தைப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரி மாற்றிக்கொண்டேன். நீ பக்கத்தில் இருந்தால் நான் தண்ணீரைப் பார்ப்பதில்லை, உன்னைத்தான் பார்க்கிறேன்."

இந்த ஒரு வருடமும் ஒரு சொல்லைத்தான் நான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கயாக்கில் ஏறி உட்கார்ந்தாள். முன்பாதி தண்ணீரில், பின்பாதி மணலில். துடுப்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே குனிந்து, பின்முனையை இரண்டு கையாலும் பிடித்து, நான்தான் தள்ளிவிட்டேன்.